மெமரி கிடைக்காவிட்டால் ஸ்டோரேஜ் டிரைவர் என்ன செய்யும்? லினக்ஸ் கேள்வி-பதில்

மெமரி கேட்கும் கர்னல் ஃபங்ஷனான கேமல்லாக், கிடைக்கவில்லை என்று நல் கொடுத்தால் ஐஓ (படிப்பு-எழுத்து) பிழை என்று மேலே சொல்லிவிடுகிறேன். சரிதானே?

சரியில்லை. டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லையே! மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் ஜர்னலை எழுதும் நேரத்தில் இப்படிச் சொன்னால் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் அதை நம்பி, எழுதவே முடியாத ரீட்-ஒன்லிக்குப் போய்விடும். டிரைவர் கோரிக்கையை வாங்கும் ஃபங்ஷனான கியூ_ஆர்க்யூவிலிருந்து, 'இப்போது வளம் இல்லை' என்னும் பிஎல்கே_எஸ்டிஎஸ்_ரிசோர்ஸ் திருப்புங்கள், டிரைவருக்கு மேலே இருக்கும் பிளாக் லேயர் சற்றுப் பொறுத்து அதே கோரிக்கையை மறுபடி அனுப்பும். பெயரில் ஒட்டிப்பிறந்தது போல இருக்கும் பிஎல்கே_எஸ்டிஎஸ்_டெவ்_ரிசோர்ஸை மட்டும் இங்கே தொடாதீர்கள். கியூவை நானே திரும்ப ஓட்டுவேன் என்று டிரைவர் உறுதி தருகிற இடத்துக்கானது அது, உறுதி பொய்த்தால் ஐஓ அப்படியே தொங்கிவிடும்.

கேமல்லாக்குக்கு ஜிஎஃப்பி_கெர்னல் கொடியைப் போட்டால் காத்திருந்தாவது மெமரி வந்துவிடுமே, அப்புறம் என்ன பயம்?

காத்திருப்பதுதான் பயமே. மெமரி தட்டுப்பாட்டில் கர்னல் அழுக்குப் பக்கங்களை (மெமரியில் மாறியும் டிஸ்க்குக்கு இன்னும் போகாதவை) டிஸ்க்கில் எழுதியும் இடத்தைக் காலி செய்யும், அந்த எழுத்து உங்கள் டிரைவர் வழியாகத்தான் வரும், உங்கள் டிரைவரோ மெமரிக்காகத் தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். அதனால் ஐஓ பாதையில், தூங்க அனுமதி உள்ள இடத்தில், மெமரிக்காக ஐஓ தொடங்காதே என்னும் ஜிஎஃப்பி_நோஐஓ. உள்ளே எங்கோ வேறு ஃபங்ஷன் மெமரி கேட்கிறது, கொடியை மாற்ற வழியில்லை என்றால் மெம்அல்லாக்_நோஐஓ_சேவ், மெம்அல்லாக்_நோஐஓ_ரிஸ்டோர் இரண்டுக்கும் நடுவில் அதை அழையுங்கள். அந்தப் பாதையில் வேலையைப் பின்னணியில் ஓட்டும் வொர்க்கியூ இருந்தால், தட்டுப்பாட்டிலும் அது ஓட வழிசெய்யும் டபிள்யூகியூ_மெம்_ரிக்ளெய்ம் கொடி வேண்டும், பலரும் விட்டுவிடுவது இதைத்தான். அங்கே ஜிஎஃப்பி_அட்டாமிக் போட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அது காத்திருக்காது என்பதால் இன்னும் சீக்கிரம் தோற்கும்.

மெமரியை முன்கூட்டியே கையிருப்பில் வைக்கும் மெம்பூல் வைத்தால் போதுமா?

பெரும்பாலும் போதும். டிரைவர் ஏறும்போதே சில பொருள்களை ஒதுக்கி வைத்துவிடுகிறது, பிறகு நோஐஓவுடன் கேட்டால் நல் வராது, யாராவது ஒன்றைத் திருப்பித் தரும்வரை காத்திருக்கும். ஒரு கோரிக்கைக்கு ஒன்றுதான் எடுப்பீர்கள், வேலை முடிந்ததும் தவறாமல் திருப்புவீர்கள் என்றால் கையிருப்பில் ஒன்றே ஒன்று இருந்தாலும் ஐஓ நகரும், மெதுவாக. ஒரே பூலிலிருந்து ஒரு கோரிக்கைக்கு இரண்டு எடுத்தால் கதை கந்தல்: ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் இரண்டாவதுக்குக் காத்திருப்பார்கள்.

டிரைவர் சாதனத்தைத் தயார்செய்யும் ப்ரோபில், பாதியில் மெமரி கிடைக்காமல் தோற்றால்?

வாங்கிய வரிசைக்குத் தலைகீழாக கோடூ லேபிள்கள் வழியே விடுவித்து, மெமரி இல்லை என்னும் மைனஸ் ஈநோமெம் திருப்புங்கள். பிரிண்ட்கே போட்டுச் செய்தி அச்சடிக்க வேண்டாம், எச்சரிக்கையைக் கர்னலே அச்சடிக்கும்.

இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது?

மெமரி ஒதுக்கலை வேண்டுமென்றே தோற்கடிக்கும் கர்னல் வசதி, ஃபெயில்ஸ்லாப். கர்னலின் சோதனை அமைப்புகள் இருக்கும் டீபக்எஃப்எஸ்ஸில் ப்ராபபிலிட்டி (தோற்கும் சதவீதம்), டைம்ஸ் (அதிகபட்சம் எத்தனை தோல்வி) இரண்டையும் அமைத்துவிட்டு, இக்னோர்-ஜிஎஃப்பி-வெயிட்டை 'என்' ஆக்குங்கள். இயல்பில் அது 'ஒய்'. அப்படியே விட்டால் தூங்கக்கூடிய கேமல்லாக் எதையும் தோற்கடிக்காது, நோஐஓ உட்பட, நீங்களும் டிரைவர் பாஸ் என்று நினைத்துக்கொள்வீர்கள்.