நோட்டுகளைத் திரும்பப் பெற்றால் மக்கள் ஏன் மின்னணுப் பணத்துக்கு மாறுகிறார்கள்?

2016 நவம்பர் 8 இரவு, இந்தியாவில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 விழுக்காடு ஒரே நாளில் முடங்கியது. புதிய நோட்டுகளின் அளவு வேறாக இருந்ததால் ஏ.டி.எம். இயந்திரங்களையும் மாற்றியமைக்க வேண்டியிருந்தது. வரிசையில் நின்று 2000 ரூபாய் நோட்டைப் பெற்றவர்கூட, 40 ரூபாய்க்குக் காய்கறி வாங்கினால் கடைக்காரரிடம் மீதிச் சில்லறை இருக்காது. எனவே, வங்கிக் கணக்கில் பணம் இருந்தும் கையில் இல்லாதவருக்கு அட்டையும் கைப்பேசியுமே வழியாயின.

ஆனால் தட்டுப்பாடு மட்டுமே முழு விளக்கம் ஆகாது. என் பார்வையில் முக்கியமான காரணம் வேறு. வாடிக்கையாளர் பயன்படுத்தாத கருவியைக் கடைக்காரர் வைப்பதில்லை, கடையில் இல்லாத வசதியை வாடிக்கையாளர் கற்பதுமில்லை என்ற முடிச்சை, இருவரையும் ஒரே வாரத்தில் நெருக்கடிக்குள்ளாக்கிய நோட்டுத் தடை அவிழ்த்துவிட்டது. யு.பி.ஐ. பரிமாற்றங்கள் அந்த அக்டோபரில் ஏறத்தாழ ஒரு லட்சம். டிசம்பரில் சுமார் 20 லட்சம். கல்லாவின் அருகே ஒருமுறை ஒட்டிய கியூ.ஆர். அட்டையை, பணம் திரும்பி வந்துவிட்டது என்பதற்காக எவரும் கிழித்தெறிவதில்லை. கற்ற பழக்கமும் அப்படியே.

இருந்தும் ரொக்கம் ஒழிந்துவிடவில்லை. 2018 மார்ச்சுக்குள் புழக்கத்தில் இருந்த பணம் பழைய அளவைத் தாண்டியது. வங்கிக் கணக்கோ கைப்பேசியோ இல்லாத தினக்கூலித் தொழிலாளிக்கு அந்த வாரங்களில் மாறிக்கொள்ள வழியே இருக்கவில்லை. அவர் வாங்குவதைக் குறைத்துக்கொண்டார்.