மயிலைக் கண்டால் பாயும் கன்னி நாயைத் திருப்ப முடியுமா?

கேள்வி: எங்களுக்குக் கோவில்பட்டிக்கு வடக்கே மானாவாரிக் காடு. வீட்டில் இரண்டு வயதுக் கன்னி இன ஆண் நாய் ஒன்றும், நாலு மாதச் சிப்பிப்பாறை இனக் குட்டி ஒன்றும் இருக்கின்றன. பெரியது பெருச்சாளி பிடிப்பதில் கெட்டி. ஆனால் காட்டில் மயில், முயல் எதைப் பார்த்தாலும் பறந்துவிடுகிறது. போன மாதம் பக்கத்துக் காட்டுக்காரரின் ஆட்டுக்குட்டியைத் தொடையில் கடித்துவிட்டது. கழுத்தில் கட்டை கட்டச் சொல்கிறார் சித்தப்பா. அமெரிக்காவில் ஷாக் காலர் (பொத்தானை அமுக்கினால் மின்அதிர்ச்சி தரும் கழுத்துப் பட்டை) போட்டு, மானை விட்டுவிட்டு ரக்கூன் என்ற மரமேறும் பிராணியை மட்டும் துரத்த நாய்களைப் பழக்கும் வீடியோக்களைப் பார்த்தேன். அதுபோல, எலியை மட்டும் பிடி, மற்றதை விட்டுவிடு என்று என் நாயைப் பழக்க முடியுமா?

பதில்: ஆட்டை விட்டுவிடப் பழக்கலாம். மயிலையும் முயலையும் பார்த்தால் உங்கள் பக்கம் திரும்பி வரப் பழக்கலாம். ஆனால் அவிழ்த்துவிட்ட நிலையில், கண்முன்னே முயல் எழுந்து ஓடும்போதும் சும்மா நிற்கிற அளவுக்கு ஒரு கன்னியைக் கொண்டுவர முடியும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். தருகிறவர்களிடம் பணம் கொடுப்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

முதலில் ஆட்டு விஷயம். கடித்து ஒரு மாதம் ஆகி, உங்கள் நாய் இன்றும் நல்லபடியாக இருக்கிறது என்றால், அந்தக் கடியால் வெறிநோய் பரவியிருக்குமோ என்ற பயம் வேண்டாம். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வது அதற்காகத்தான். நாய்க்கு இந்த வருடத் தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்று பாருங்கள். அந்தக் காட்டுக்காரருக்கு வைத்தியச் செலவைக் கொடுத்துவிடுங்கள். பின்னால் அவருடைய உதவி உங்களுக்குத் தேவைப்படும், ஏனென்று சொல்கிறேன்.

இனி அந்த அமெரிக்க வீடியோ. ரக்கூன் பிடிக்கிற நாய்கள் மூக்கால் வேட்டையாடுபவை. இரவில் அவிழ்த்துவிடுவார்கள். தரையில் கிடக்கும் வாடையைப் பிடித்துக்கொண்டு, குரைத்துக்கொண்டே போகும். ரக்கூன் மரமேறியதும் அடியில் நின்று குரைக்கும். வேட்டைக்காரர் தூரத்தில் நின்று குரலைக் கேட்டே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். மான், நரி, ஒபாசம் (அந்த ஊர்ப் பை விலங்கு) ஆகியவற்றின் தடத்தில் போவது அங்கே வேண்டாத வேலை. அவர்கள் அதைக் குப்பை என்றே சொல்கிறார்கள். அந்த நாய்க்கு முடிவெடுக்க நேரம் இருக்கிறது. மான் வாடை வேறு, ரக்கூன் வாடை வேறு. ஒன்றைப் பின்தொடர்ந்தால் கெட்டது நடக்கும், மற்றதைப் பின்தொடர்ந்தால் மரத்தடியில் பாராட்டு என்று அதனால் பிரித்தறிய முடிகிறது. அங்கேயும் அனுபவஸ்தர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: நாய் எதன் பின்னால் போகிறது என்று நிச்சயமாகத் தெரியாமல் பொத்தானை அமுக்காதே. சரியான தடத்தில் இருக்கும்போது அடி விழுந்தால், நல்ல நாய் வேலையையே விட்டுவிடும்.

உங்கள் கன்னி அந்த ஜாதி இல்லை. (கன்னியும் சிப்பிப்பாறையும் ஒரே இனமா, வேறு வேறா என்ற சண்டைக்கு நான் வரவில்லை, இந்த விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்.) இது கண்ணால் வேட்டையாடும் நாய். அசைவு கண்ணில் பட்டால் அடுத்த சில நொடிகளில் முழு வேகத்தில் இருக்கும், சத்தம் போடாது. அந்த வேகத்தில் அதற்கு முன்னால் ஓடுவது மயிலா முயலா என்ற பேச்சே கிடையாது, ஓடுகிறது, அவ்வளவுதான். துரத்துவதே அதற்குக் கூலி, பிடித்தால்தான் சந்தோஷம் என்று இல்லை. அதனால்தான் வயிறு நிறையச் சோறு போட்டாலும் துரத்தும், காயடித்தாலும் துரத்தும். நீங்கள் பின்னாலிருந்து கத்துவது காதில் ஏறாது.

ஷாக் காலர் இங்கே ஏன் வேண்டாம் என்பதும் இதில்தான் இருக்கிறது. ஓட்டத்தின் நடுவே வலி வந்தால், அந்த நொடியில் கண்ணில் பட்டது எதுவோ அதன்மேல் பழியைப் போடும் நாய். அது ஆடாக இருக்கலாம், ஆடு மேய்க்கிற பையனாகவும் இருக்கலாம். பையன் என்று அது முடிவு கட்டிவிட்டால், இப்போது இருப்பதைவிடப் பெரிய தொல்லை உங்கள் வீட்டில் இருக்கும். சில நாய்கள் ஓடுகிற வெறியில் வலியை உணராது, அளவைக் கூட்டிக்கொண்டே போவோம். வேல்ஸ் நாட்டில் 2010-லேயே இந்தக் காலரைத் தடை செய்துவிட்டார்கள்.

ஆக, ஓட ஆரம்பித்த பிறகு பாடம் நடத்த முடியாது. ஓடுவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, பாடமெல்லாம் அங்கேதான். நாளைக்கு உங்கள் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கவனியுங்கள். மூச்சிரைத்துக்கொண்டு வருகிற நாய் திடீரென்று வாயை மூடும். முதல் அடையாளம் அதுதான், பலர் கவனிப்பதில்லை. அப்புறம் காது கூம்பும், கழுத்து நீளும், ஒரு முன்னங்கால் தரையை விட்டு லேசாக எழும். உடம்பு முழுக்க இறுகும். இது இரண்டு, மூன்று நொடி. இந்த நேரத்தில் அது இன்னும் உங்களுடையது. கால் நான்கும் எழும்பிய பிறகு உங்களுடையது இல்லை.

பயிற்சிக்கு மூன்று மீட்டர் கயிறு போதும். நீளக் கயிறு வேண்டாம். பத்து மீட்டர் ஓடி வேகமெடுத்து, கயிறு தீரும் இடத்தில் சுண்டினால் கழுத்து போய்விடும், அல்லது உங்கள் தோள் போய்விடும். இந்த நாய்களுக்குத் தலை ஒடுக்கம், சாதாரணப் பட்டையைப் பின்வாங்கி உருவிக்கொள்ளும். இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகுகிற அகலப் பட்டை கிடைக்கிறது, மார்ட்டிங்கேல் என்று கேளுங்கள். மார்புப் பட்டையும் சேர்த்துப் போட்டால் இன்னும் நல்லது.

இனி உங்கள் ஊரில் இருக்கிற வசதிக்கு வருகிறேன். அறுவடை முடிந்த காட்டில் கிடை போடுவார்கள் இல்லையா? சாயங்காலம் ஆடுகள் வலைக்குள் அடைந்து, அசை போட்டுக்கொண்டு படுத்திருக்கும். ஓடாத ஆடு. இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. கிடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, அவருடைய நாய்களைக் கட்டச் சொல்லிவிட்டு, நூறு மீட்டர் தள்ளி நில்லுங்கள். கையில் வேகவைத்த கோழி ஈரல், புளியங்கொட்டை அளவுத் துண்டுகளாக. நாய் ஆட்டைப் பார்க்கும். பார்க்கட்டும். கூப்பிடாதீர்கள், கயிற்றைச் சுண்டாதீர்கள். சிறிது நேரத்தில் ஒரு காது உங்கள் பக்கம் திரும்பும், அல்லது தலை கொஞ்சம் அசையும், அல்லது ஒரு பெருமூச்சு விடும். அந்த நொடியில் ‘சபாஷ்’, ஒரு துண்டு. மறுபடி பார்க்கும், மறுபடி திரும்பும், மறுபடி ஒரு துண்டு. கொஞ்ச நேரத்தில் ஆட்டைப் பார்த்த கையோடு உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கும். வேண்டியது அதுதான். ஈரலை மூக்கருகே நீட்டினாலும் கண்ணை எடுக்கவில்லை என்றால், நாய் பிடிவாதக்காரன் என்று அர்த்தமில்லை, நீங்கள் கிட்டே நிற்கிறீர்கள் என்று அர்த்தம். பின்னால் போங்கள்.

தூரத்தை மெதுவாகக் குறையுங்கள். படுத்திருக்கும் ஆட்டிடம் தேறிவிட்டால் மேயும் ஆடு, அப்புறம் நடக்கும் ஆடு. ஓடும் ஆடு கடைசி. அதற்கு மறுபடி நூறு மீட்டரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். படுத்த ஆட்டில் கற்றது ஓடும் ஆட்டுக்குத் தானாக வராது. இங்கேதான் பக்கத்துக் காட்டுக்காரர் வேண்டும். அவருடைய பட்டி தினமும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் போகும், தினமும் பத்து நிமிடம் ஓரமாக நின்றால் போதும். ஆட்டுக்கும் மயிலுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: ஆட்டை நாம் விரும்பிய தூரத்தில், விரும்பிய நேரத்தில், திரும்பத் திரும்பக் காட்டலாம். பழகப் பழக அது நாய்க்குச் சலித்துப்போன பொருளாகிவிடும். மயிலும் முயலும் எப்போது எங்கே எழும்பும் என்று யார் சொல்வது? காலுக்கடியிலிருந்து முயல் கிளம்பினால் அந்த மூன்று நொடியும் கிடைக்காது.

அதற்குத்தான் விசில். தினமும் சோறு வைக்கும்போது மூன்று குறு விசில், உடனே தட்டு. ஒரு மாதம் இதைத் தவிர வேறு எதற்கும் ஊதாதீர்கள். பிறகு வீட்டு முற்றத்தில், பிறகு தோட்டத்தில், பிறகு காட்டில் கயிற்றோடு. ஊதினால் ஒவ்வொரு முறையும் கைநிறைய ஈரல், ஒன்றிரண்டு துண்டு இல்லை. வராது என்று தெரிந்த நேரத்தில் ஊதி வீணாக்காதீர்கள். முழு ஓட்டத்தில் இருக்கும்போது ஊதுவது பெரும்பாலும் வீண்தான். ஓட்டம் தளர்ந்து, இரையைத் தவறவிட்டு, நின்று சுற்றுமுற்றும் பார்க்கும்போது ஊதுங்கள்.

துரத்திவிட்டுத் திரும்பி வந்த நாயை மட்டும் அடிக்காதீர்கள். எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மூலகாரணம் இதுதான். நாயின் கணக்கில் அடி விழுந்தது துரத்தியதற்கு இல்லை, திரும்பி வந்ததற்கு. அடுத்த முறை வருவதற்கு இருட்டிவிடும். பேசாமல் கயிற்றைப் பூட்டி வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். வெயிலில் ஓடி வந்திருந்தால் நிழல், தண்ணீர், வயிற்றிலும் தொடையிலும் ஈரத் துணி. இந்த வகை நாய்கள் சூட்டில் ஓடி விழுந்து இறப்பது உண்டு. சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்திருக்கிறது, அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஓடுகிற ஆசையை அடைத்து வைக்கவும் முடியாது, ஒரு வடிகால் கொடுங்கள். மூங்கில் கம்பு ஒன்று, நுனியில் கயிறு, கயிற்றில் சாக்குத் துண்டு. தரையோடு இழுத்துத் துரத்தவிடுங்கள், காலை வெயில் ஏறுமுன் ஐந்து நிமிடம். நடுவில் சாக்கை நிறுத்தி ‘விடு’ சொல்லுங்கள். உங்களைப் பார்த்தால் மறுபடி ஓட்டம். துரத்தும் ஆசையின் நடுவே உங்களைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் இதில் படியும்.

பெருச்சாளி பிடிப்பதைத் தடுக்க வேண்டியதில்லை. வைக்கோல் போரடியிலும் வளை வாயிலும் காத்திருந்து பிடிப்பது வேறு வேலை, வெட்டவெளி ஓட்டத்தோடு குழம்பாது. ஆனால் எலிக்காய்ச்சல் தடுப்பூசி அவசியம். அக்கம்பக்கத்தில் எலி மருந்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. துரத்துவது, வெருட்டி ஓட்டுவது, அதற்கு முயல்வதுகூட அதில் அடங்கும். மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது, குறைந்தது மூன்று ஆண்டு சிறை. முயலும் காட்டுப்பன்றியும் அதே சட்டத்துக்குள் வருபவைதான். மான் நடமாட்டம் உள்ள பகுதி என்றால் இன்னும் கவனம்: நாய் பல் படாவிட்டாலும், துரத்தப்பட்ட மான் அந்த அதிர்ச்சியிலேயே பிறகு இறந்துபோகலாம்.

சித்தப்பாவின் கட்டை ஓட்டத்தைத் தடுக்கும், ஆசையைத் தடுக்காது. முன்னங்கால் எலும்பில் அடிபட்டுக்கொண்டே இருக்கும், ஒருநாள் கட்டை அறுந்தால் பழைய நாய்தான். பெரியவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

குட்டியிடம்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். பிறந்து மூன்று வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை பார்த்துப் பழகியதை நாய் குடும்பமாக எடுத்துக்கொள்ளும். உங்கள் குட்டி அந்த வயதைச் சற்றுத் தாண்டிவிட்டது, இருந்தாலும் தாமதம் இல்லை. இங்கிலாந்தில் நரி வேட்டைக் கூட்டங்கள் தங்கள் குட்டிகளைச் சில மாதம் பண்ணை வீடுகளில் வளர விடுவார்கள், கோழியும் ஆடும் காலடியில் திரியும் இடத்தில். வளர்ந்த பிறகு கோடையில் மந்தைகளுக்கு நடுவே நடத்திக் கூட்டிப் போவார்கள். நரி வேட்டை 2005-இல் அங்கே சட்டவிரோதமாகிவிட்டது, ஆனால் அந்த வளர்ப்பு முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் குட்டியைக் கோழி மேயும் முற்றத்தில் கயிற்றோடு உட்கார வைத்து, அங்கேயே சோறு வையுங்கள். பட்டியில் ஆடு கறக்கும்போது உடன் கூட்டிப் போங்கள். ஒரு தாய் ஆடு முட்டினால் முட்டட்டும், காயப்படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஒரே ஒரு கட்டுப்பாடு: ஒரு வருடத்துக்குக் குட்டியைப் பெரிய நாயோடு காட்டில் அவிழ்த்துவிடக் கூடாது. நீங்கள் ஆறு மாதம் கற்றுக் கொடுத்ததை அண்ணன் ஒரு காலையில் மாற்றிவிடும். இரண்டு நாய் சேர்ந்தால் தனியாகத் துரத்தாத நாயும் துரத்தும்.

பெரியதை விடிகாலையிலும் அந்தியிலும் கயிற்றில்தான் கூட்டிப் போக வேண்டும், பயிற்சி தேறிய பிறகும்கூட. மயிலும் முயலும் மேய இறங்குகிற நேரம் அது. பன்றிக்கு வைத்த அவுட்டுக்காய் (கடித்தால் வெடிக்கும் நாட்டு வெடி), விஷம் கலந்த தானியம், கைப்பிடிச் சுவரில்லாத கிணறு எல்லாம் அந்த ஓட்டத்தின் வழியில்தான் இருக்கின்றன. கயிறில்லாமல் ஓடவிட வேண்டுமென்றால் ஒரு பகுதிக்கு ஆறடி உயரத்துக்குக் கம்பி வலை அடித்துவிடுங்கள். நாலடி வேலியை இந்த நாய்கள் வேலியாகவே மதிப்பதில்லை.