டிஎஸ்எம்சி தொடங்கிய மோரிஸ் சாங்: படிப்பு, வேலை பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

டிஎஸ்எம்சி என்பது மற்ற கம்பெனிகளுக்கு சிப் செய்து கொடுக்கும் தைவான் கம்பெனி. சிப் ஆலைப் பக்கம் இருந்தவன் நான். அதைப் பற்றிக் கேட்டால் நீளமாகச் சொல்வேன். பங்கு விலை கேட்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெயில் ஆனவராமே? அப்படியென்றால் படிப்பு முக்கியமில்லைதானே சார்?

ப: எதில் ஃபெயில் என்று பாருங்கள். 1931இல் சீனாவின் நிங்போவில் பிறந்தவர். எழுத்தாளராக ஆசை, அதில் சோறு கிடைக்காது என்று அப்பா சொல்லிவிட்டார். 1949இல் ஹார்வர்டு, அடுத்த ஆண்டே எம்ஐடி. மெக்கானிக்கலில் 1952இல் இளநிலை, 1953இல் முதுநிலை. அதற்கு அப்புறம் முனைவர் படிப்புக்கான தகுதித் தேர்வில்தான் இரண்டு முறை தேறவில்லை. அரியர் வைத்த ஆள் மாதிரிப் பேசாதீர்கள்.

கே: மெக்கானிக்கல் படித்தவர் சிப் பக்கம் எப்படி வந்தார்?

ப: ஒரு டாலரால். 1955இல் ஃபோர்டு மாதம் 479 டாலர் தருவதாகச் சொன்னது, சில்வேனியா 480. கொஞ்சம் கூட்டித் தருவீர்களா என்று ஃபோர்டில் கேட்டார். முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் வந்தது. ரோஷத்தில் சில்வேனியாவின் டிரான்சிஸ்டர் பிரிவில் சேர்ந்தார் (டிரான்சிஸ்டர் என்பது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன சுவிட்ச், சிப்பின் அடிப்படை). டிரான்சிஸ்டர் பற்றி ஒன்றும் தெரியாது. டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஷாக்லி எழுதிய, குறைக்கடத்தி (சிப் செய்யும் பொருள்) பற்றிய புத்தகத்தை ராத்திரியில் உட்கார்ந்து படிப்பார். புரியாததை, மதுக்கூடத்தில் குடித்துக்கொண்டிருக்கும் மூத்த சகா ஒருவரிடம் போய்க் கேட்பார்.

கே: ஆலையில் அவர் உண்மையில் என்ன சாதித்தார்?

ப: இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். 1958இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அமெரிக்க கம்பெனியில் சேர்ந்தார். ஐபிஎம்முக்காக ஓடிய ஒரு டிரான்சிஸ்டர் லைனை அவரிடம் கொடுத்தார்கள். யீல்டு (செய்ததில் தேறும் பங்கு) ஏறக்குறைய பூஜ்யம், அதாவது செய்வதெல்லாம் குப்பைக்கு. வெப்பநிலையையும் அழுத்தத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, சில மாதங்களில் யீல்டை 20 சதவீதத்துக்கு மேல் கொண்டுவந்தார். ஐபிஎம்மின் சொந்த லைனிலேயே அப்போது 10 சதவீதம்தான் தேறியது. கம்பெனி அசந்துபோய், முழுச் சம்பளத்தோடு அவரை ஸ்டான்ஃபோர்டுக்கு அனுப்பியது. 1964இல் மின்பொறியியலில் முனைவர். பின்னாளில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் குறைக்கடத்திப் பிரிவு முழுவதையும் நடத்தினார்.

கே: ஃபெயில் ஆனாலும் ஜெயிக்கலாம் என்பதற்கு இவர் உதாரணம்தானே? (நான்கு பேர் கேட்டது)

ப: முதல் பதிலைப் படியுங்கள். அந்த ஒரு தேர்வை வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டாதீர்கள்.

கே: டிஎஸ்எம்சிக்குப் போட்டது அரசாங்கப் பணம். அவரை எப்படித் தொழில்முனைவோர் என்பது?

ப: பாதிப் பணம் தைவான் அரசுடையது, சரி. கால் பங்குக்கு மேல் பிலிப்ஸ். மீதியை உள்ளூர் முதலாளிகள் அரசு நெருக்கியதால் போட்டார்கள். ஆனால் பணம் போடக் கேட்டபோது, இன்டெலும் அவருடைய பழைய கம்பெனி டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் வேண்டாம் என்று ஒதுக்கிய யோசனை அது.

கே: (அதே நண்பர்) அப்போது அவர் அரசு அதிகாரி, அவ்வளவுதானே?

ப: 1985இல் தைவானின் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்துக்குத் தலைவராகத்தான் போனார். அமைச்சர் லீ சிப் கம்பெனி தொடங்கச் சொன்னார். என்ன மாதிரிக் கம்பெனி என்பது சாங்கின் முடிவு: சொந்தமாக எதையும் வடிவமைக்கக் கூடாது, அடுத்தவர் வடிவமைப்பை உற்பத்தி மட்டும் செய்து கொடுக்க வேண்டும். வடிவமைப்பில் தைவானுக்குப் பலம் இல்லை, உற்பத்தியில் இருந்தது. வாடிக்கையாளரோடு போட்டி போடாத ஆலை என்பதால்தான், ஆலை கட்டக் காசில்லாத, சிப் வடிவமைக்கும் என்விடியா போன்றவர்கள் நம்பி வந்தார்கள். என்விடியாவின் ஜென்சன் ஹுவாங் கடிதம் எழுத, சாங்கே போனில் கூப்பிட்டார். பணம் யாருடையது என்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், வென்ச்சர் கேப்பிடல் (புதுக் கம்பெனிகளில் முதலீட்டாளர்கள் போடும் பணம்) வாங்கிய யாரும் தொழில்முனைவோர் இல்லை. நீங்கள் எழுதிய மூன்றாவது கேள்வியும் இதேதான், விட்டுவிடுகிறேன்.

கே: அவர் தொடங்கியது 55 வயதில். எனக்கு 52. நம்பிக்கை வைக்கலாமா?

ப: வைக்கலாம், 30 வருடம் இதே துறையில் இருந்திருந்தால்.

கே: டிஎஸ்எம்சி பங்கு வாங்கலாமா?

ப: தரகரைக் கேளுங்கள்.

கே: ஓய்வு பெற்றவர் ஏன் திரும்பி வந்தார்?

ப: 2005இல் தலைமை நிர்வாகி பொறுப்பை விட்டார். 2008 நெருக்கடியில் ஆட்குறைப்பு நடந்து, ஊழியர்கள் கொதித்தார்கள். 2009இல் 77 வயதில் திரும்ப வந்து, வெளியேற்றப்பட்டவர்களை மறுபடி அழைத்தார். மற்றவர்கள் செலவைக் குறைத்த நேரத்தில் புது ஆலைகளுக்குப் பணத்தைக் கொட்டினார். ஸ்மார்ட்போன் அலை வந்தபோது ஆலை தயாராக இருந்தது. 2018 வரை தலைவர்.