ஏசி காத்து கழுத்துலயே அடிக்குதா?

கேள்வி: அண்ணே, பதுளை டவுன்ல சின்னதா ஒரு கொமியூனிகேஷன் நடத்துறேன். ஏப்ரல் வெயில் தாங்காம ஏசி போட்டோம், காத்து நேரா என் கழுத்துலயே அடிக்குது, சாயந்தரமானா தலைவலி. முன்னால இருக்கிற தகட்ட கையால மேல தள்ளி வச்சாலும் திரும்ப ஓன் பண்ணினா பழையபடி இறங்கிருது. போட்டோகொப்பி தாளெல்லாம் வேற பறக்குது.
- வாசகி, பதுளை

பதில்: தங்கச்சி, முதல்ல அந்தத் தகட்ட கையால தள்ளுறத நிப்பாட்டுங்க. அத ஆட்டுறது உள்ள இருக்கிற ஒரு சின்ன மோட்டார், பலமா தள்ளினா பல்லு தேஞ்சு டக்கு டக்குன்னு சத்தம் போட ஆரம்பிச்சிரும், அதோட நீங்க கையால எங்க வச்சீங்கன்னு மெஷினுக்குத் தெரியவும் தெரியாது. ரிமோட்ல ஸ்விங் பட்டன அமுக்கினா தகடு மேலயும் கீழயும் ஆடும், மேல வந்து படுக்கையா நிக்கிற நேரம் பாத்து இன்னொரு தரம் அமுக்குங்க, அங்கயே நின்னுரும். குளிர் காத்து பாரம்தானே, சீலிங் ஓரமா போய் தானா கீழ இறங்கும், ஆள் மேல அடிக்கணும்னு இல்ல.

இடம் வலம் திருப்புறதுக்கு அந்தத் தகட்டுக்குப் பின்னால குத்துக்கு நிக்கிற சின்னத் தகடுகள் இருக்கு. நிறைய மொடல்ல இத மட்டும் கையாலதான் திருப்பணும், ஆனா சுவிட்ச ஓஃப் பண்ணிட்டு, ஏன்னா உள்ளுக்கு ஃபேன் சுத்தும். வாசல் பக்கம் திருப்புங்க. அலுமாரியில அடிக்கிற மாதிரி வச்சிராதீங்க, குளிர் காத்து மோதித் திரும்பி ஏசிக்குள்ளயே போகும், ரூம் குளிர்ந்துருச்சுன்னு நெனச்சு அது வேலைய குறைச்சிரும். இன்னொன்னு, கூல்ல போட்டு தகட்ட ரொம்ப நேரம் கீழ பாத்தே வச்சா அதுல தண்ணி முத்து முத்தா கோத்து சொட்டும், கீழ போட்டோகொப்பி மெஷின் இருந்தா நல்லாவா இருக்கும்?

கேள்வி: எங்க கெஸ்ட் ஹவுஸ் ஏசியில ஹீட் போட்டாலும் கால் விறைக்குதுன்னு கெஸ்ட் எல்லாம் சொல்றாங்க.
- வாசகர், நுவரெலியா

பதில்: உங்களுக்குக் கதை தலைகீழ். சூடு மேல ஏறும், அதனால தகடு நல்லா கீழ பாக்கணும். ஓன் பண்ணினதும் கொஞ்ச நேரம் காத்து வராது, உள்ளுக்கு சூடாகிற வரைக்கும் ஃபேன் காத்திருக்கும், அது பழுது இல்ல. பனி கொட்டுற ராத்திரியில வெளிப்பெட்டியில ஐஸ் பிடிச்சாலும் அத உருக்கிறதுக்காக நடுவுல கொஞ்சம் நிக்கும், கெஸ்ட்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. அப்படியும் சூடே வரலன்னா ரிமோட்ல சூரியன் படம் இருக்கேன்னு நம்பாதீங்க, கூல் மட்டும் உள்ள மெஷினுக்கும் சில கொம்பனி அதே ரிமோட்டத்தான் குடுக்குது. மெஷின்ல ஒட்டியிருக்கிற லேபிள்ல ஹீட்டிங்குக்குன்னு தனியா ஒரு அளவு போட்டிருக்கான்னு பாருங்க.