அந்தமானில் எங்கே தங்குவது? கேட்டவர்களுக்குப் பதில்கள்

நான் போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவன். அப்பா ராமநாதபுரம் பக்கமிருந்து கப்பலேறி வந்து இங்கேயே தங்கிவிட்டவர். எனக்கு விடுதி கிடையாது, யாரிடமும் கமிஷன் வாங்குவதும் கிடையாது. ஆனால் டிசம்பர் பிறந்தால் போதும், மெயின்லேண்டிலிருந்து சொந்தக்காரர்கள் வரிசையாக போன் போட்டு "எங்கேடா ரூம் போடறது?" என்பார்கள். அந்த அனுபவத்தில்தான் இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (திருச்சி): அண்ணா, ஹேவ்லாக் என்று கேட்டு ரூம் போட்டேன். வந்த ரசீதில் "ஸ்வராஜ் த்வீப்" என்று இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை தம்பி, இரண்டும் ஒரே தீவுதான். 2018 டிசம்பரில் ஹேவ்லாக்கை ஸ்வராஜ் த்வீப் என்றும், நீல் தீவை ஷஹீத் த்வீப் என்றும் மாற்றினார்கள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் வாயில் பழைய பெயர்தான். நானும் பழைய பெயரிலேயே சொல்கிறேன், மன்னிக்கவும்.

கேள்வி (திருப்பூர்): நாங்கள் நான்கு பேர், இரண்டு குழந்தைகள். முதல் முறை வருகிறோம். ஐந்து இரவுகள். எல்லாவற்றையும் போர்ட் பிளேரிலேயே போட்டுவிட்டு மற்ற தீவுகளுக்குப் போய்வந்தால் சாமான் தூக்கும் வேலை மிச்சம் இல்லையா?

மிச்சமாகும். ஆனால் நாளெல்லாம் கப்பலிலேயே போய்விடும். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்குக் கப்பலைப் பொறுத்து ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம். அதற்கு முன்னால் ஜெட்டியில் (கப்பல் ஏறும் துறையில்) சோதனை, காத்திருப்பு. திரும்பும் கப்பலைப் பிடிக்க மதியமே கிளம்ப வேண்டும். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் சூரியன் இறங்கும் நேரத்தில் நீங்கள் கப்பலுக்குள் ஏசியில் உட்கார்ந்து குழந்தைக்கு வாந்திப் பை பிடித்துக்கொண்டிருப்பீர்கள்.

நான் சொல்வது இதுதான்: முதல் இரவு போர்ட் பிளேர், அடுத்த இரண்டு ஹேவ்லாக், ஒன்று நீல், கடைசி இரவு மறுபடி போர்ட் பிளேர். ஹேவ்லாக்கிலிருந்து நீலுக்கு நேராகவே கப்பல் உண்டு, திரும்பி வந்து போக வேண்டாம்.

அந்தக் கடைசி இரவு மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "காலையில் நீலிலிருந்து கப்பல், மதியம் விமானம், கரெக்டா வருதே" என்று கணக்குப் போடுபவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். காற்று கொஞ்சம் எழும்பினாலும் கப்பலை நிறுத்திவிடுவார்கள். விமானம் உங்களுக்காக நிற்காது. இன்னொரு காரணமும் இருக்கிறது. ஹேவ்லாக்கில் ஸ்கூபா (மூச்சுக் கருவியோடு கடலுக்குள் மூழ்குவது) போகிறவர்கள் கடைசியாக மூழ்கி எழுந்ததற்கும் விமானம் ஏறுவதற்கும் நடுவே 18 முதல் 24 மணி நேரம் விட வேண்டும். உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற அவ்வளவு நேரம் ஆகும். அவசரப்பட்டு மேலே பறந்தால் அது ரத்தத்திலும் திசுக்களிலும் குமிழாகும். போர்ட் பிளேரில் ஒரு இரவு போட்டால் கப்பல் பயம், குமிழ் பயம் இரண்டும் தீரும்.

கேள்வி (சென்னை): கல்யாணமாகி முதல் பயணம். ஹேவ்லாக்கில் ராதாநகர் பக்கமா, விஜயநகர் பக்கமா? படத்தில் இரண்டுமே சொர்க்கம் மாதிரி இருக்கிறது.

படம் எடுக்கிறவன் கடல் ஏறியிருக்கும் நேரம் பார்த்துத்தான் எடுப்பான். அதை மறக்காதீர்கள்.

ஹேவ்லாக்கில் விடுதிகள் பெரும்பாலும் கிழக்குக் கரையில், கோவிந்தநகர், விஜயநகர் பக்கம் இருக்கின்றன. 3-ம் நம்பர் பீச், 5-ம் நம்பர் பீச் என்பார்கள். அறைக் கதவைத் திறந்தால் தென்னை, தென்னையைத் தாண்டினால் கடல். விடியற்காலை அருமையாக இருக்கும். ஆனால் அது ஆழமில்லாத கரை. தண்ணீர் வற்றும்போது வெகு தூரம் உள்ளே போய்விடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் அதிகம். அப்போது தெரிவது நீலக் கடல் இல்லை, சேறும் செத்த பவளப்பாறையும்தான். என் அத்தை ஒருத்தி "கடல் பார்த்த அறை" என்று கூடுதல் பணம் கொடுத்துப் போட்டாள். பத்து மணிக்குக் குளிக்கலாம் என்று இறங்கினால் முழங்காலுக்குத் தண்ணீர் வரவே அரை பர்லாங் நடக்க வேண்டியிருந்தது. பவளம் கிழித்த பாதத்தோடு திரும்பி வந்தவள், மூன்று நாளும் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தாள். கடல் பார்த்த அறைக்குக் கொடுத்த காசு மட்டும் வீண்போகவில்லை.

ராதாநகர் மேற்குக் கரை, 7-ம் நம்பர். அகலமான வெள்ளை மணல், பாறை இல்லை, குளிக்க நல்ல இடம். அஸ்தமனம் அங்கேதான். ஆனால் ஜெட்டியிலிருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர், விடுதிகளும் சிலவே. தாஜ் மாதிரி கையைக் கடிப்பவை ஒரு பக்கம், உள்ளே தள்ளி நிற்கும் சின்ன விடுதிகள் இன்னொரு பக்கம், நடுவில் அதிகம் இல்லை. இருட்டிய பிறகு சாப்பிட வெளியே போக வேண்டுமென்றால் ஆட்டோ கிடைப்பது கஷ்டம்.

உங்கள் இருவருக்கு என் தேர்வு: விஜயநகரில் அறை, வாடகை ஸ்கூட்டர் ஒன்று. கடல் ஏறும் நேரத்தில் வாசலிலேயே குளியுங்கள். வற்றும் நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு ராதாநகர் போய்விடுங்கள். ஒன்று மட்டும்: இங்கே இந்தியாவின் கடிகாரம்தான், ஆனால் நாம் அவ்வளவு கிழக்கே இருக்கிறோம். டிசம்பரில் மாலை 5 மணிக்கே சூரியன் போய்விடும். "ஆறு மணிக்கு சன்செட் பார்க்கலாம்" என்று கிளம்பினால் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கோவை): கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். மறுநாள் அதே நிலை சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். இணையத்தில் போர்ட் பிளேர் கடல் ஏற்ற அட்டவணை கிடைக்கும், நீங்கள் வரும் தேதிக்குப் பார்த்துவிட்டு ரூம் போடுங்கள். குளிக்கக் கடல் ஏறியிருக்க வேண்டும், நீலில் இருக்கும் இயற்கைப் பாலம் என்கிற பாறை வளைவுக்கு இது தலைகீழ். அங்கே தண்ணீர் வற்றியிருக்கும்போதுதான் பாறைகள் மேல் நடந்து போக முடியும்.

கேள்வி (மதுரை): சார், நீல் தீவில் ஒரு இரவு தங்கும் அளவுக்கு என்ன இருக்கிறது?

ஒன்றும் இல்லை, அதற்குத்தான் தங்க வேண்டும். சின்னத் தீவு, சமதரை, வயலும் காய்கறித் தோட்டமும். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காளிக் குடும்பங்களைக் குடியேற்றிய ஊர்கள் இவை. ஹேவ்லாக்கில் கோவிந்தநகர், கிருஷ்ணாநகர், ராதாநகர், ஷ்யாம்நகர் என்று கண்ணன் வீட்டுப் பெயர்கள். நீலுக்கு வந்தால் பரத்பூர், லக்ஷ்மண்பூர், சீதாபூர், ராம்நகர் என்று ராமாயணமே ஊராகிவிட்டது.

பரத்பூர் ஜெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, குழந்தைகளுக்கு நல்லது, பகலில் படகுச் சத்தம் அதிகம். லக்ஷ்மண்பூர் அஸ்தமனத்துக்கு. சீதாபூர் தீவின் அடுத்த முனை, சூரியோதயத்துக்கு. அமைதி வேண்டுமென்றால் சீதாபூர் அல்லது லக்ஷ்மண்பூர் பக்கம் போங்கள். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், ஏடிஎம்மை நம்பிப் போகாதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. செல்லுலார் சிறையைப் பார்க்க வேண்டுமென்று ரொம்ப நாள் ஆசை. போர்ட் பிளேரில் எந்தப் பகுதி?

போர்ட் பிளேர் மேடும் பள்ளமுமான ஊர். வரைபடத்தில் "அபர்தீன் பஜாரிலிருந்து 300 மீட்டர்" என்று போட்டிருப்பார்கள். அந்த 300 மீட்டரும் ஏற்றமாக இருந்தால் அம்மா என்ன செய்வார்? விடுதிக்கு போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்: கார் வாசல் வரை வருமா, லிஃப்ட் இருக்கிறதா, கரண்ட் போனால் லிஃப்ட் ஜெனரேட்டரில் ஓடுமா. மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை.

அபர்தீன் பஜார் பக்கமே தங்குங்கள். சிறை பக்கத்தில், மருந்துக்கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். அம்மாவுக்குப் பேச்சுத் துணைக்கும் பஞ்சமிருக்காது, கடைத்தெருவில் தமிழ் சரளமாக ஓடும். கார்பின்ஸ் கோவ் கடற்கரையோரம் அழகாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் வண்டி பிடிக்க வேண்டும். மாலையில் சிறையில் நடக்கும் ஒலி ஒளிக் காட்சிக்கு எந்த மொழிக் காட்சி எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு டிக்கெட் வாங்குங்கள்.

ஜெட்டி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அரசுக் கப்பல் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்தும், தனியார் கப்பல்கள் பெரும்பாலும் ஹேடோ துறையிலிருந்தும் கிளம்பும். டிக்கெட்டில் எது என்று பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறுங்கள்.

கேள்வி (ஈரோடு): மார்ச் மாதம் வருகிறோம். ரூம் போடும்போது வேறு என்ன கேட்க வேண்டும்?

தண்ணீர். சுற்றிலும் கடல், குடிக்கச் சொட்டு இல்லை என்கிற கதைதான் எங்கள் ஊர். போர்ட் பிளேர் தானிகாரி அணையில் சேரும் மழைத் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறது. பிப்ரவரியிலிருந்து மே வரை குழாயில் நாள் விட்டு நாள் வருவதெல்லாம் எங்களுக்குப் பழக்கம். தொட்டி பெரிதாக உள்ள விடுதிக்காரர் சமாளிப்பார், சின்ன இடங்களில் வாளியில் வரும். கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். அப்புறம் கரண்ட். மெயின்லேண்ட் மாதிரி பெரிய கம்பி இணைப்பு கிடையாது, பெரும்பாலும் டீசலில் ஓடுகிற மின்சாரம், அடிக்கடி போகும். அதனால் ஜெனரேட்டர் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் அது எந்த அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

கேள்வி (பெங்களூரு): வேலையும் பார்த்துக்கொண்டே இரண்டு வாரம் தங்கலாமா? நெட் எப்படி?

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்தது. அதற்கு முன்பு செயற்கைக்கோள்தான், ஒரு மெயில் போவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். இப்போது போர்ட் பிளேரில் வீடியோ மீட்டிங் போடலாம். ஹேவ்லாக்கில் விடுதிக்கு விடுதி மாறும், நீலில் நம்பி இறங்க வேண்டாம். வேலை நாட்களைப் போர்ட் பிளேரிலும், சனி ஞாயிறைத் தீவுகளிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கிள்ளான், மலேசியா): நாங்கள் மலேசிய பாஸ்போர்ட். ஹோம்ஸ்டேயில் தங்கலாமா?

தங்கலாம். ஆனால் வெளிநாட்டவர் வந்து தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். சில சின்ன வீடுகளில் அதற்கு ஏற்பாடு இருக்காது. ஜெட்டியில் இறங்கி நிற்கும்போது "சாரி சார்" என்பார்கள். பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி (சேலம்): ஜூனில் பாதி விலைக்கு ரூம் தருகிறார்கள். வரலாமா?

மழை பிடிக்குமென்றால் வாருங்கள். மே கடைசியிலிருந்து தென்மேற்குப் பருவம், காடு பச்சையாக இருக்கும், கூட்டம் இருக்காது. ஆனால் கடல் கலங்கும், கப்பல் ரத்தாகும். ரத்து செய்தால் பணம் திரும்பத் தரும் அறையாக எடுங்கள், ஒன்றிரண்டு நாள் உதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். அது முடியாதென்றால் ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் வாருங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): எல்லோரும் போகிற ஹேவ்லாக் வேண்டாம். திக்லிபூர் எப்படி?

நல்ல கேள்வி. எனக்குப் பிடித்த இடம் அதுதான், ஆனால் மூன்று இரவு இல்லையென்றால் போகாதீர்கள். அது வடக்கு அந்தமானில், போர்ட் பிளேரிலிருந்து சாலை வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காட்டைக் கான்வாயாக, வண்டிகள் எல்லாம் ஒரே வரிசையாகத்தான் கடக்க வேண்டும், வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அதிகாலையில் கிளம்பினால் இருட்டும்போது போய்ச் சேர்வீர்கள்.

தங்குவது திக்லிபூர் பஜாரிலா, காலிபூரிலா என்பதுதான் கேள்வி. பஜாரில் சாப்பாடு, பேருந்து சுலபம். காலிபூர் கடற்கரையோரம். டிசம்பர் முதல் மார்ச் வரை ஆமை முட்டையிட வரும் கரை அது. 732 மீட்டர் உயர சேடில் பீக், அந்தமானின் உச்சி, அதற்கு ஏறும் வழியும் அந்தப் பக்கம்தான். நான் காலிபூரில்தான் தங்குவேன். ஏரியல் பே ஜெட்டியிலிருந்து ராஸ், ஸ்மித் தீவுகளுக்குப் படகு. தண்ணீர் வற்றும்போது இரண்டையும் ஒரு மணல் திட்டு இணைக்கும், நடந்தே கடக்கலாம்.

கேள்வி (விழுப்புரம்): கடற்கரையை ஒட்டிய குடிலில் தங்கினால் முதலை வருமா? கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட ஒன்றுமில்லை. உவர்நீர் முதலை இங்கே நிஜம். 2010ல் ஹேவ்லாக்கில், ராதாநகரை அடுத்த நீல்ஸ் கோவ் என்கிற சின்ன வளைகுடாவில் ஒரு அமெரிக்கச் சுற்றுலாப் பயணியை முதலை கொன்றது. குடிலுக்கு வராது. ஓடை கடலில் கலக்கும் இடங்கள், அலையாத்திக் காடு, இருட்டிய பிறகு தண்ணீர், இந்த மூன்றையும் தவிருங்கள். எச்சரிக்கைப் பலகை இருந்தால் மதியுங்கள்.

குடிலில் உண்மையில் உங்களைப் பிடுங்கப்போவது மணல் பூச்சி. கண்ணுக்கே தெரியாது, மாலையில் கணுக்காலில் கடிக்கும், நான்கு நாள் அரிக்கும். மணலில் நேராக உட்காராமல் பாய் விரித்து உட்காருங்கள், தேங்காய் எண்ணெய் தாராளமாகத் தடவுங்கள். கொசுவலை உள்ள குடிலா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஓட்டை இருக்கிறதா என்று வந்தவுடன் விளக்கு வெளிச்சத்தில் வலையைத் தூக்கிப் பாருங்கள்.