பாஸ்வேட் உங்கள் போனிலா, அண்ணாவின் கணக்கிலா?

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா தன் பழைய போனை எனக்கு அனுப்பினார். நான் அதில் சேமிக்கும் பாஸ்வேட்டுகள் அவருக்கும் தெரியும் என்கிறார்கள். உண்மையா? (கொக்குவில் வாசகி)

உண்மையாக இருக்கலாம். செற்றிங்ஸில் ‘கணக்குகள்’ பகுதியைத் திறந்து யாருடைய ஜிமெயில் இருக்கிறது என்று பாருங்கள். அண்ணா தன் கணக்கை எடுக்காமலே போனை அனுப்பியிருந்தால், ‘சேமிக்கவா?’ என்று கேட்டபோதெல்லாம் நீங்கள் சரி என்று அழுத்தியது அவருடைய கூகிள் கணக்குக்குள்தான் போயிருக்கும். அவர் அங்கே மடிக்கணினியில் குரோமைத் திறந்தால் உங்கள் வங்கிப் பாஸ்வேட்டும் பட்டியலில் நிற்கும். அண்ணா நல்லவர்தான். ஆனால் அவருடைய கணக்கு யாரிடமாவது அகப்பட்டால் உங்களுடையதும் சேர்ந்து போகும்.

முதலில் உங்கள் பெயரில் ஒரு ஜிமெயில் கணக்கு எடுங்கள். மீட்பு நம்பராக உங்கள் சிம் நம்பரையே கொடுங்கள். கனடா நம்பரைக் கொடுத்தால், கோட் தேவைப்படும் நேரத்தில் அண்ணாவைத்தான் எழுப்ப வேண்டும். இங்கே காலை பத்து மணி என்றால் அங்கே நடுச்சாமம்.

அடுத்தது பாஸ்வேட்டுகளை மாற்றுவது. கூகிளில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக எடுக்கும் வசதி உண்டு, ஆனால் அந்தக் கோப்பு பூட்டு எதுவும் இல்லாத வெறும் எழுத்து. ஏழெட்டுத்தான் என்றால் ஒவ்வொன்றாகப் புதிதாக மாற்றி உங்கள் கணக்கில் சேமிப்பதே நல்லது. பழையவை அண்ணாவின் பட்டியலில் கிடந்தாலும் பயனில்லாமல் போய்விடும். அப்புறம் அண்ணாவின் கணக்கைப் போனிலிருந்து நீக்குங்கள். போனை முழுதாக அழிப்பதென்றால் அதற்குப் பிறகே அழியுங்கள். நீக்காமல் அழித்தால், திரும்பத் திறக்கும்போது பழைய கணக்கின் பாஸ்வேட்டைக் கேட்டு அன்ட்ரொயிட் அடம்பிடிக்கும்.

திரை உடைந்த போனைத் திருத்தக் கொடுத்தால் கடையில் பின் நம்பர் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (கஸ்தூரியார் வீதியில் போன் திருத்தக் கொடுக்கும் வாசகர்)

கண்ணாடி மாற்றப் பெரும்பாலும் பின் தேவையில்லை. தொடுதிரை சரியா என்று நீங்கள் போய் எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். சேமித்த பாஸ்வேட்டைக் காட்டுவதற்குக் கூகிள் கேட்பதும் அதே திரைப்பூட்டைத்தான், ஆகவே பின்னைக் கொடுப்பது வீட்டுத் திறப்புக் கோர்வையை முழுதாகக் கொடுப்பது மாதிரி. புதிய சாம்சங் போன்களில் ‘பராமரிப்பு’ முறை ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் திருத்துபவருக்கு உங்கள் தகவல் தெரியாது. அந்த வசதி இல்லாத போன் என்றால், கொடுக்கமுன் கூகிள் கணக்கை நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

அம்மா எல்லாப் பாஸ்வேட்டையும் கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் வைக்கிறா. எப்படித் திருத்துவது? (பருத்தித்துறை)

திருத்த வேண்டாம். எங்கோ இருந்து இணையம் வழியாகத் திருடுபவனால் உங்கள் வீட்டு அலுமாரியைத் திறக்க முடியாது. ஒரே பாஸ்வேட்டை எல்லா இடத்துக்கும் போடுவதைவிட, வெவ்வேறாகப் போட்டுக் கொப்பியில் எழுதுவது எவ்வளவோ மேல். வங்கி அட்டையின் பின் நம்பரை மட்டும் எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொப்பி கைப்பைக்குள் போய் பஸ் ஏறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்த்த ஒரே பாஸ்வேட்தான் எல்லாத்துக்கும். மூன்று மாதத்துக்கு ஒருக்கா மாற்றுகிறேன், போதுமா?

போதாது. ஓரிடத்தில் கசிந்த பாஸ்வேட்டைத் திருடர்கள் மற்ற இடங்களிலும் போட்டுப் பார்ப்பார்கள். ஜிமெயிலுக்கு முதலில் தனிப் பாஸ்வேட் வையுங்கள், ஏனென்றால் மற்றவற்றை மீட்கும் இணைப்பெல்லாம் அங்கேதான் வரும். அடுத்து வங்கி, பிறகு பேஸ்புக். கூகிளின் பாஸ்வேட் பகுதியில் இருக்கும் சோதனையை ஓட்டினால் எது கசிந்தது, எது திரும்பத் திரும்பப் போட்டது என்று காட்டும். மாதக் கணக்கு வைத்து மாற்றத் தேவையில்லை. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமே 2017இல் அந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது.

போன் தொலைந்தால் சேமித்ததெல்லாம் போய்விடுமா?

போகாது, கணக்கில் இருக்கும். ஆனால் இரண்டு கட்ட உறுதிப்படுத்தல் போட்டிருந்தால், கணக்குக்குள் நுழையக் கேட்கும் கோட் தொலைந்த போனுக்குத்தானே வரும்! அதற்காகவே கூகிள் எட்டு இலக்கத்தில் பத்து மாற்றுக் கோட்கள் தருகிறது. ஒவ்வொன்றும் ஒருமுறைதான் வேலை செய்யும். கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குள் போய் இன்றைக்கே எடுத்து எழுதி வையுங்கள். எங்கே வைப்பது என்று கேட்டால், பருத்தித்துறை அம்மாவின் கொப்பி மாதிரி ஒன்று போதும்.