வெயிலில் ஓடுவதற்கு முன் காபி குடித்தால் உடம்பில் நீர் வற்றிவிடுமா?

வற்றாது. நானும் குடித்துவிட்டு ஓடுகிறவன்தான். ஆனால் வெயிலில் காபி வேறொரு வகையில் காலை வாரும். எனக்கு வாரியிருக்கிறது.

முதலில் நீர் விஷயத்தை முடித்துவிடுவோம். பழக்கமில்லாதவர் காபியில் இருக்கும் ஊக்கப்பொருளான காஃபினை ஒரேயடியாக நிறைய எடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால், சிறுநீர் கூடுதலாகப் போகும். தினமும் ஒன்றிரண்டு கோப்பை குடிக்கிறவருக்கு அந்த விளைவு மிகக் குறைவு. தவிர, ஓட ஆரம்பித்ததும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைந்து சிறுநீர் சுரப்பதே மட்டுப்பட்டுவிடும். நம்பாமல் நான் சில வாரம் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், வியர்வையை நன்றாகத் துடைத்துவிட்டு, எடை பார்த்து எழுதி வைத்தேன். காபி குடித்த நாளோ குடிக்காத நாளோ, ஒரு மணி நேர ஓட்டத்தில் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே குறைந்தது. ஒரு கிலோ என்றால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. இந்தக் கணக்கை மேலும் கீழும் ஆட்டியது அன்றைய வெக்கைதான், காபி அல்ல.

சரி, அப்புறம் என்ன தொல்லை?

உழைக்க உழைக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரும். 'போதும், மெதுவாகப் போ' என்ற அலுப்பைத் தருவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அடினோசின் போய் உட்கார வேண்டிய இடங்களில் காஃபின் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதனால் அதே வேகம் கொஞ்சம் லேசாகத் தெரியும். உடம்பு படும் பாடு குறைவதில்லை. பாடு தெரிவதுதான் குறைகிறது. குளிர்ந்த வேளையில் இது வரம். வெயிலில் அந்த அலுப்பு வெறும் சோம்பல் இல்லை, உடம்பு போடும் பிரேக்.

தசை எரிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குபோல்தான் ஓட்டமாக மாறும். மிச்சமெல்லாம் சூடு. காஃபின் தானாகவே உடம்பின் வெப்பத்தைக் கூட்டுவது சொற்பம். சில ஆய்வுகளில் லேசாகக் கூடியிருக்கிறது, சிலவற்றில் அதுவும் இல்லை. ஆனால் அது தரும் தெம்பில் நாம் வேகத்தைக் கூட்டினால் சூடும் கூடத்தான் செய்யும். அந்தச் சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்கும் போக வேண்டும், காலுக்கும் போக வேண்டும். இருக்கும் ரத்தத்தை இரண்டு பக்கமும் பங்கு போட முடியாமல் இதயம் ஓடி ஓடிக் களைக்கும். காற்றில் ஈரம் அதிகமென்றால் வியர்வையும் உலராமல் சொட்டியே வீணாகும். உலர்ந்தால்தானே குளிர்ச்சி.

எனக்கு நடந்தது இதுதான். பத்து கிலோமீட்டர் ஓட்டம். கிளம்புமுன் ஒரு காபி, நடுவில் காஃபின் கலந்த ஜெல் (ஓடும்போது தெம்புக்குச் சாப்பிடும் இனிப்புப் பசை) ஒன்று. ஏழாவது கிலோமீட்டர் வரை பறந்தேன். கைக்கடிகாரம் இதயத் துடிப்பை 178 என்று காட்டியது. அந்த வேகத்தில் எனக்கு வழக்கமாக 160 தாண்டாது. கடிகாரம்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த சில நிமிடத்தில் கையைப் பார்த்தால் மயிர்க்கூச்செறிந்து நிற்கிறது. கொளுத்தும் வெயிலில் குளிர் நடுக்கம்! நிழலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றப் பார்த்தேன், முடிச்சை எந்தப் பக்கம் இழுப்பது என்று பிடிபடவில்லை. கூட ஓடியவர்கள் தலையிலும் கழுத்திலும் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். அதனால் அன்று அதோடு போயிற்று. பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ உடனே மருத்துவ உதவிக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை உடம்பைக் குளிர்விக்க வேண்டும். வியர்க்கிறதே, ஹீட் ஸ்ட்ரோக்காக (உடம்பு அளவு மீறிச் சூடாகி உயிருக்கே ஆபத்தாகும் நிலை) இருக்காது என்று சும்மா இருக்கக் கூடாது. ஓடும்போது வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் வியர்த்துக்கொண்டேதான் இருக்கும்.

அளவு பற்றியும் கேட்பீர்கள். ஆய்வுகளில் பயன் தெரிந்தது பெரும்பாலும் உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் வரை. 60 கிலோ ஆளுக்கு 180 முதல் 360. ஒரு கோப்பை காபியில் ஏறக்குறைய 80 முதல் 100 இருக்கும், காய்ச்சும் விதத்தைப் பொறுத்து இன்னும் மாறும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 200, ஒரு நாளைக்கு 400 வரை பாதகமில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்னது. வெயிலில் நான் 200-ஐத் தாண்டுவதில்லை. கர்ப்பிணிகள், இதயத் துடிப்புக் கோளாறு அல்லது ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

வெயில் தொடங்கிய முதல் இரண்டு வாரம், உடம்பு சூட்டுக்குப் பழகும்வரை, கடினமான ஓட்டத்துக்கு முன் காபியே கிடையாது. பழகிய பிறகு குடிப்பேன். ஆனால் வேகத்தை 'எப்படி இருக்கிறது' என்ற உணர்வை வைத்து முடிவு செய்ய மாட்டேன். காபி கெடுத்து வைத்திருப்பதே அந்த உணர்வைத்தானே. கடிகாரத்தில் துடிப்பு 165 தொட்டால் நடை. எவ்வளவு உற்சாகமாக இருந்தாலும் நடைதான்.

ஒன்று விட்டுப்போயிற்று. தினமும் குடிக்கிறவர் இதையெல்லாம் படித்துவிட்டுப் போட்டி நாளன்று திடீரென்று காபியை நிறுத்திவிடாதீர்கள். வெயிலோடு சேர்ந்து தலைவலியும் ஓடி வரும்.